ஆடுகளத்தின் விளிம்பில் மது

தேரி மணலும் பனை வரிசைகளும் சூழ்ந்த, திருநெல்வேலி மாவட்டத்துத் திசையன்விளை வட்டாரத்தில், கோயில் கொடை நெருங்கும் நாட்களிலும் தைப்பொங்கலை ஒட்டிய விடுமுறையிலும், கபடிப் போட்டி நடவாத ஊரைக் காண்பது அரிது. பகல் வெயிலின் உக்கிரம் தணிந்த பின்னர், நான்கு மூலைகளிலும் உயரக் கம்பங்களில் விளக்குகள் ஏற்றப்பட்டு, ஒலிபெருக்கியில் அணிகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக அழைக்கப்படும்போது, பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் ஜனங்கள் வந்து களத்தைச் சுற்றி அமர்கிறார்கள். உள்நாட்டு ஊர்களில் கபடியும் கைப்பந்தும், உவரி முதலான கடற்கரை ஊர்களில் கால்பந்தும், அங்கங்கே உள்ளவர்களின் உடலுக்கும் உள்ளத்துக்கும் பயிற்சியாக விளங்கி வருகின்றன. நுழைவுச் சீட்டும் மதிற்சுவரும் பெரும்பாலும் இல்லாத இந்த ஆடுகளங்களில், பெரியவர்கள் முன்வரிசையில் நாற்காலியிட்டு அமர, சிறுவர்கள் கோட்டை ஒட்டி மணலில் உட்கார, பெண்கள் ஒரு பக்கமாக நின்று பார்க்க, ஊர் முழுவதும் ஒரே குடும்பம்போல் கூடியிருக்கும் காட்சி, நம் பொதுவாழ்வில் எஞ்சியிருக்கும் அருமையான விஷயங்களுள் ஒன்று என்பது என் திடமான அபிப்பிராயம்.

ஆனால் விளக்கொளி எட்டாத இடத்தில், உடைமரங்களின் நிழலில், வேறொரு கூட்டம் நிற்கிறது. இரண்டு ஆட்டங்களுக்கு இடையே கிடைக்கும் அவகாசத்தில் இளைஞர்கள் சிலர் மெல்ல நழுவிச் சென்று, பிளாஸ்டிக் தம்ளரும் தண்ணீர்ப் பாக்கெட்டும் சகிதமாகச் ‘சரக்கு’ ஏற்றிக்கொண்டு திரும்புகிறார்கள். திரும்பியவர்களின் குரல் உயர்கிறது. நடுவரின் தீர்ப்பு அவர்களுக்கு அநியாயமாகத் தோன்றுகிறது. எதிரணி ஊரின் பெயர் வசையாக மாறுகிறது. போட்டியை நடத்துபவர்கள், குடித்துவிட்டு வந்த அண்ணாச்சிமார் தயவுசெய்து கோட்டுப் பக்கம் வர வேண்டாம் என்று ஒலிபெருக்கியில் மன்றாடுவதும், அதற்குள் பெண்கள் குழந்தைகளை அழைத்துக்கொண்டு வீட்டை நோக்கி நடக்கத் தொடங்குவதும், இப்பகுதி மக்களுக்குப் பழகிப்போன நிகழ்ச்சிகள். இருட்டில் நடக்கும் இந்தக் காரியத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, அரங்கத்துக்குள்ளேயே உரிமம் பெற்று மதுவைப் பரிமாறலாமா என்ற கேள்வி, சில ஆண்டுகளுக்கு முன்னர் தமிழ்நாட்டில் உண்மையாகவே எழுந்தது.

2023ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், 1981ஆம் வருஷத்து மதுபான உரிம விதிகளைத் திருத்தி, மாநாட்டுக் கூடங்கள், திருமண மண்டபங்கள், விளையாட்டு மைதானங்கள் முதலிய இடங்களில் சிறப்பு உரிமத்தின் பேரில் மது பரிமாற இடமளிக்கும் அரசிதழ் அறிவிக்கை வெளியானது. கல்யாண வீட்டில் மதுவா என்று நாடெங்கும் எழுந்த கொதிப்பைக் கண்டு, அப்போதைய மதுவிலக்கு, ஆயத்தீர்வைத் துறை அமைச்சர் செந்தில் பாலாஜி, திருமண மண்டபங்களில் ஒருபோதும் அனுமதி இல்லை என்று அறிவித்தார். விதியிலிருந்து மண்டபங்கள் நீக்கப்பட்டன. சர்வதேச, தேசிய அளவிலான மாநாடுகளுக்கும் விளையாட்டுப் போட்டிகளுக்கும் மட்டுமே இந்தச் சலுகை என்ற விளக்கமும் தரப்பட்டது. வழக்கும் உயர் நீதிமன்றம் சென்றது. கல்யாண மண்டபத்தைப் பற்றி அத்தனை பேர் பேசிய அந்த நாட்களில், விளையாட்டு மைதானத்தைப் பற்றிப் பேசியவர்கள் சொற்பம் என்பது எனக்கு அப்போதும் வருத்தமளித்தது, இப்போதும் வருத்தமளிக்கிறது. கல்யாணப் பந்தலுக்கு உள்ள மங்கலம் ஆடுகளத்துக்கும் உண்டு. இரண்டிலும் நாம் வளர்ந்த பிள்ளைகளைச் சபையில் நிறுத்துகிறோம்.

இந்தக் கேள்வியை ஆராயும்போது, நம் நாட்டில் விற்பவர் யார் என்பதை மறந்துவிட முடியாது. 1937இல் சேலம் மாவட்டத்தில் ராஜாஜி தொடங்கிவைத்த மதுவிலக்கு, 1948இல் மாகாணம் முழுவதற்கும் பரவி, 1971இல் விலக்கப்பட்டு, மீண்டும் கொணரப்பட்டு, 1981இல் மறுபடியும் தளர்த்தப்பட்டது. 1983இல் தோன்றிய ‘டாஸ்மாக்’ என்னும் அரசு நிறுவனம், 2003ஆம் ஆண்டிலிருந்து சில்லறை விற்பனையையும் தன் ஏகபோகமாக்கிக் கொண்டது. 2023 ஜூன் மாதத்தில் 500 கடைகள் மூடப்பட்ட பிறகும் ஏறத்தாழ 4,800 கடைகள் எஞ்சின. 2023–24ஆம் ஆண்டில் மதுவினால் அரசுக்குக் கிடைத்த வருவாய் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது. திசையன்விளையின் பனைகளில் இறங்கும் கள் 1987 முதல் தடைசெய்யப்பட்டிருக்க, ஆலையில் வடித்த சரக்கு அரசாங்கத்தின் கடையிலேயே கிடைக்கிறது என்ற முரண்பாட்டை இவ்வட்டாரத்துப் பனையேறிகள் எத்தனையோ முறை எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். காவல் செய்யவேண்டிய கையே வியாபாரம் செய்யும் கையாகவும் இருக்கும் நாட்டில், மைதானத்துக்குள் ஓர் உரிமம் என்பது, வேறு நாடுகளில் உள்ளதைக் காட்டிலும் கனமான விஷயம்.

வேறு நாடுகளின் அனுபவத்தில் மிகவும் படிப்பினை தருவது அமெரிக்கக் கல்லூரிகளின் கதை. அங்கே கால்பந்து என்று வழங்குவது, முட்டை வடிவப் பந்தைக் கையிலேந்தி, கவசமணிந்த வீரர்கள் மோதிக்கொண்டு ஓடும் ஆட்டம். சனிக்கிழமைதோறும் ஒரு கல்லூரி நகரமே அரங்கத்தில் திரளும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அரங்கம் ஒன்றில் மட்டும் லட்சம் பேருக்கு மேல் அமரலாம். நம் தமிழ்நாட்டைப் போலவே அங்கும் 21 வயது நிரம்பாதவர் மது வாங்குவது சட்டவிரோதம். கல்லூரி மாணவரில் பெரும்பாலோர் அந்த வயதை எட்டாதவர்கள். இதனால் பல கல்லூரிகள் நெடுங்காலம் தங்கள் அரங்கங்களில் மது விற்பனையை விலக்கி வைத்திருந்தன. விலக்கி வைத்ததனால் குடி ஒழிந்ததா என்றால், இல்லை. அது வண்டி நிறுத்துமிடத்துக்கு இடம் பெயர்ந்தது. ஆட்டத்துக்கு முன் வாகனங்களின் பின்கதவைத் திறந்துவைத்து, அடுப்பு மூட்டி இறைச்சி வாட்டி, பீர்ப் பெட்டிகளைப் பரப்பிக்கொண்டு மணிக்கணக்காகக் கொண்டாடும் வழக்கம் அங்கே ஒரு பாரம்பரியமாகவே வேரூன்றிவிட்டது.

1996ஆம் ஆண்டில் கொலராடோ பல்கலைக்கழகம், போல்டர் நகரில் உள்ள தன் ஃபோல்சம் அரங்கில் அதுவரை நடந்துவந்த பீர் விற்பனையை நிறுத்தியது. தடைக்கு முந்திய, பிந்திய ஆட்டங்களின் பதிவுகளை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வாளர்கள், கைதுகளும் தாக்குதல்களும், அரங்கத்தை விட்டு வெளியேற்றப்பட்டவர்களின் தொகையும், ஒழுங்கு நடவடிக்கைக்கு அனுப்பப்பட்ட மாணவர்களின் தொகையும் வெகுவாகக் குறைந்துவிட்டதைக் கண்டார்கள். மது ஒழிந்தால் அமைதி பெருகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் வேண்டுமா என்று நமக்குத் தோன்றுவது இயல்பே.

ஆயினும் 2011இல் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகம் நேர்மாறான வழியில் சென்று, அதுவும் நற்பலன் கண்டதாகத் தெரிவித்தது. அங்கே அதுவரை, பாதி ஆட்டம் முடிந்ததும் ரசிகர்கள் வெளியே போய், தத்தம் வாகனத்தருகில் அவசர அவசரமாகக் குடித்துவிட்டு மீண்டும் உள்ளே வரலாம். கல்லூரியின் விளையாட்டுத் துறைத் தலைவர் ஆலிவர் லக், அரங்கத்துக்குள் பீர் விற்க ஏற்பாடு செய்து, அதே சமயத்தில், வெளியே போனவர் மறுபடி உள்ளே வரக்கூடாது என்ற நியதியையும் ஏற்படுத்தினார். வளாகக் காவலர்கள் பதிவுசெய்த வழக்குகள் அந்தப் பருவத்தில் குறைந்தன. இந்தச் செய்தி மற்றக் கல்லூரிகளை வசீகரித்தது; விற்பனையினால் வரும் பணமும் வசீகரித்தது என்று சொல்வது தவறாகாது. தென் மாநிலங்களின் பெரிய கல்லூரிகள் அடங்கிய தென்கிழக்குக் கூட்டமைப்பு 2019இல் தன் பழைய தடையை நீக்கியது. பீரும் ஒயினும் மட்டுமே, ஒருவர் ஒரு தடவையில் இரண்டுக்கு மேல் வாங்கலாகாது, இருக்கைகளுக்கிடையே கூவி விற்கலாகாது, ஆட்டத்தின் நான்கு பகுதிகளில் மூன்றாவது முடிந்ததும் விற்பனையை நிறுத்திவிட வேண்டும் என்ற நிபந்தனைகளோடு. மிச்சிகனின் பெரிய அரங்கமும் 2024இல் அந்த வழிக்கு வந்து சேர்ந்தது.

ஒன்றுக்கொன்று முரண்படுவதுபோல் காணப்படும் இவ்விரண்டு அனுபவங்களையும் ஊன்றிப் பார்த்தால், அங்கே உண்மையில் வேலை செய்தது எது என்பது புலப்படும். மேற்கு வர்ஜீனியாவில் அமைதியைக் கொணர்ந்தது பீர் அன்று. வெளியே சென்று அளவின்றிக் குடித்துவிட்டுத் திரும்பும் பாதை அடைபட்டதே முக்கியமான காரணம் என்று நான் கருதுகிறேன். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தார் 2011இல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சி இதற்குத் துணை நிற்கிறது. தொழில்முறை ஆட்டங்களைப் பார்த்துவிட்டு வெளியேறிய 362 பேரின் மூச்சைச் சோதித்ததில், 40 சதவீதத்தினரிடம் மதுவின் தடயம் இருந்தது. 8 சதவீதத்தினர் வாகனம் ஓட்டுவதற்கான சட்ட எல்லையைத் தாண்டிய போதையில் இருந்தனர். ஆட்டத்துக்கு முன்பே வண்டி நிறுத்துமிடத்தில் கொண்டாடியவர்கள் இவ்வாறு போதையேறியிருக்கும் வாய்ப்பு, மற்றவர்களைக் காட்டிலும் 14 மடங்கு.

அதே பல்கலைக்கழகத்தார் அதற்கு முன்னர் செய்த மற்றொரு பரிசோதனை, நிபந்தனைகளை நம்பி விற்பனையை அனுமதிக்கலாம் என்போர் கவனிக்க வேண்டியது. போதையில் தள்ளாடுபவர்களைப் போல் நடிக்கப் பழக்கிய ஆட்களை அரங்கங்களுக்கு அனுப்பிப் பீர் கேட்கச் செய்தபோது, நூற்றுக்கு எழுபத்துநான்கு முறை அவர்களுக்குத் தடையின்றி விற்கப்பட்டது. பயிற்சி, உரிமம், அபராதம் எல்லாம் நிலைபெற்ற தேசத்தின் நடைமுறையே இதுவானால், கும்பல் முண்டியடிக்கும் நம் விற்பனை மேடைகளில், இவர் ஏற்கனவே நிறையக் குடித்திருக்கிறார், இவருக்குக் கொடுக்க மாட்டேன் என்று ஒரு தினக்கூலிப் பணியாளர் சொல்லித் தப்பிக்க முடியுமா என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம்.

மதுவும் ஆட்டத்தின் பரபரப்பும் ஒரே இரவில் சந்தித்தால் என்ன நேரும் என்பதற்கு 1974 ஜூன் 4ஆம் தேதி கிளீவ்லாந்து நகரம் சாட்சி. கூட்டம் சேர்ப்பதற்காகப் பத்துக் காசுக்கு ஒரு கோப்பை பீர் என்று பேஸ்பால் நிர்வாகத்தார் அறிவிக்க, இருபத்தையாயிரம் பேர் திரண்டனர். ஆட்டம் சமநிலையில் இருந்த இறுதிக் கட்டத்தில் ஜனங்கள் களத்துக்குள் பாய்ந்து வீரர்களையே தாக்கினார்கள். எதிரணிக்கு வெற்றி வழங்கி ஆட்டம் முடிக்கப்பட்டது. 1980 மே மாதத்தில் கிளாஸ்கோவின் ஹாம்ப்டன் பூங்காவில் செல்டிக், ரேஞ்சர்ஸ் அணிகளின் ரசிகர்கள் களத்திலேயே மோதிக்கொண்டதை அடுத்து, ஸ்காட்லாந்து தன் கால்பந்து அரங்கங்களிலிருந்து மதுவைச் சட்டமியற்றி வெளியேற்றியது. 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, இங்கிலாந்தின் பெரிய கால்பந்து அரங்கங்களில் களம் கண்ணில் படும் இடத்தில் அமர்ந்து எவரும் மது அருந்தலாகாது. அதே நாட்டில் கிரிக்கெட்டையும் ரக்பியையும் பீர்க் கோப்பையுடன் பார்க்கலாம். 2022இல் கத்தார் உலகக் கோப்பை தொடங்குவதற்கு இரண்டே நாட்கள் முன்னதாக அரங்க வளாகங்களில் பீர் நிறுத்தப்பட்டதும், ஆட்டங்கள் அதன்பின் நடந்தேறியதும் நாம் அறிந்தவை.

ஒரே பானம் ஓரிடத்தில் கலகமும் மற்றோரிடத்தில் களிப்பும் விளைவிப்பதேன்? டென்மார்க்கின் கால்பந்து ரசிகர்கள் தாராளமாகக் குடிப்பவர்கள். ஆனால் சாந்தத்துக்குப் பேர்போனவர்கள். உலகின் பல சமுதாயங்களில் குடித்தவர்கள் நடந்துகொள்ளும் விதத்தைத் தொகுத்து, 1969இல் ஒரு நூல் எழுதிய மக்ஆண்ட்ரூ, எட்ஜர்ட்டன் என்னும் அறிஞர்கள், போதையில் ஒருவன் எப்படி நடப்பான் என்பதும் அவனுடைய சமூகம் அவனுக்குக் கற்றுக்கொடுத்த பாடமே என்று வாதித்தார்கள். குடித்தவன் செய்ததைச் சபை மன்னித்துவிடும் என்று தெரிந்த இடத்தில் குடித்தவன் அத்துமீறுகிறான். இத்துடன் மனோதத்துவ அறிஞர்கள் கூறும் மற்றோர் உண்மையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: போதை, மனிதனின் கவனத்தைக் குறுக்கி, கண்ணெதிரே உள்ளதைத் தவிர வேறெதையும் எண்ண முடியாதபடி செய்துவிடுகிறது. ஆகவே கண்ணெதிரே இருப்பது யார் என்பதே பெரிய விஷயமாகிறது.

நம் நாட்டிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. 1996 மார்ச் 13 அன்று கல்கத்தா ஈடன் தோட்டத்தில், உலகக் கோப்பை அரையிறுதியில் இலங்கைக்கு எதிராக இந்தியா 8 விக்கெட்டுக்கு 120 ஓட்டங்கள் என்று சரிந்தபோது, ரசிகர்கள் புட்டிகளை எறிந்து இருக்கைகளுக்குத் தீ வைத்தார்கள். போட்டி நடுவர் கிளைவ் லாயிட் ஆட்டத்தை நிறுத்தி இலங்கைக்கு வெற்றியை வழங்கினார். சென்னைச் சேப்பாக்கத்தில் 1997இல் பாகிஸ்தானின் சயீத் அன்வர் நம் பந்துவீச்சைச் சிதறடித்து 194 ஓட்டங்கள் குவித்தபோது அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. 1999 ஜனவரி 31 அன்று, அதே அரங்கில், டெண்டுல்கர் 136 ஓட்டங்கள் எடுத்தும் 12 ஓட்டத்தில் இந்தியா தோற்ற டெஸ்ட் ஆட்டத்தின் முடிவில், வென்ற பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தை வலம்வர, தோற்ற ஊரின் ஜனங்கள் எழுந்து நின்று கரகோஷம் செய்தார்கள். இரண்டு அரங்கங்களிலும் பொது இருக்கைகளில் மது விற்பனை கிடையாது. மது இல்லாத இடத்திலும் கலகம் வரும் என்பதை ஈடன் காட்டுகிறது; தோல்வியிலும் ஒரு ஜனக்கூட்டம் தன் கௌரவத்தை இழக்காது நிற்க முடியும் என்பதைச் சேப்பாக்கம் காட்டுகிறது.

அந்தக் கௌரவம் எங்கிருந்து வருகிறது? சேப்பாக்கத்தில் அது பல தலைமுறையாக ஆட்டத்தை ரசித்துப் பழகிய ரசனையிலிருந்து வந்தது. திசையன்விளை போன்ற சிற்றூர்களில் அது வேறொன்றிலிருந்து வருகிறது: முகம் தெரிவதிலிருந்து. பக்கத்தில் இருப்பவர் மாமாவோ சித்தப்பாவோ, பள்ளிக்கூடத்து வாத்தியாரோ, நாளைக் காலை சந்தையில் எதிர்ப்படப்போகும் முருங்கைக்காய் வியாபாரியோ ஆவார் என்ற நினைவே, இளைஞனின் நாவையும் கையையும் கட்டிவைக்கும் காவல். முன்வரிசைப் பெரியவரும், ஒருபுறம் நிற்கும் தாய்மாரும், மணலில் உட்கார்ந்திருக்கும் சிறுபிள்ளைகளும் வெறும் பார்வையாளர்கள் அல்லர். அவர்களே ஆடுகளத்தின் அமைதியைக் காப்பவர்கள். இருட்டில் குடித்தவர்கள் வெளிச்சத்துக்கு வரும்போது முதலில் எழுந்து போகிறவர்களும் அவர்களே. அவர்கள் போய்விட்ட பிறகு எஞ்சுவது ஒரே வயதும் ஒரே வெறியும் கொண்ட ஆண்கூட்டம். அதை அடக்க எத்தனை காவலர்கள் வந்தாலும் போதாது. அரங்கத்துக்குள் மதுவை விற்கலாம் என்பவர்களுக்கு நான் சொல்லும் ஆட்சேபம் இதுதான்: நெறிப்படுத்தப்பட்ட விற்பனை, ஒருவேளை, குடிப்பவர்களிடையே ஒழுங்கை உண்டாக்கலாம், ஆனால் குடியாதவர்களை அது வெளியே அனுப்பிவிடும். அவர்களின் இடத்தை எந்த நிபந்தனையும் நிரப்பாது.

தென் மாவட்டங்களில் இந்த ஆபத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. அதை மறைத்துப் பேசுவது நேர்மையன்று. ஊருக்கு ஊர் என்று தொடங்கும் போட்டி, சாதிக்குச் சாதி என்று திரும்புவதற்கு இங்கே ஒரு சொல் போதும். போதையில் அந்தச் சொல் சுலபமாக வந்துவிடுகிறது. இதனால்தான் கபடிப் போட்டிக்குக் காவல்துறை அனுமதி மறுப்பதும், நடத்துபவர்கள் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையை நாடி நிபந்தனைகளோடு அனுமதி பெற்று வருவதும் வழக்கமாகிவிட்டது. சாதி, அரசியல் அடையாளங்கள் கூடாது, மது அருந்தியவர்களை அனுமதிக்கக் கூடாது என்பவை அந்த நிபந்தனைகளில் இடம்பெறுவதுண்டு. நாசரேத்தை அடுத்த மணத்தி என்னும் சிற்றூரிலிருந்து புறப்பட்டு, 1994இல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்குத் தங்கம் வென்ற அணியில் ஆடி, அர்ஜுனா விருதும் பெற்ற கணேசனைப் போன்ற வீரர்களை இந்தத் தேரி நாட்டு மணலே வளர்த்தது. போட்டிக்கு அனுமதி மறுக்கப்படும் ஒவ்வொரு தடவையும், அடுத்த கணேசனாக வரக்கூடிய ஒரு சிறுவனுக்குப் பாடிச் செல்லும் வாய்ப்பு ஒன்று பறிபோகிறது. நிழலில் நின்று குடித்த நான்கு பேருக்காக.

தடை விதிப்பதோடு காரியம் முடிந்துவிடாது என்பதை அமெரிக்கக் கல்லூரிகளின் வண்டி நிறுத்துமிடங்கள் நமக்குப் போதிக்கின்றன. மேற்கு வர்ஜீனியா அடைத்த அந்தப் பாதையை நாமும் அடைக்க வேண்டும். ஆனால் மதிலும் வாயிலும் இல்லாத ஆடுகளத்தில் அதை வேறு வகையில் செய்ய வேண்டியிருக்கிறது. டாஸ்மாக் கடைகள் நண்பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுகின்றன. நம் போட்டிகளோ இரவு 8 மணிக்குத் தொடங்கி விடியும்வரை நீள்கின்றன. பிற்பகலிலேயே தொடங்கி, அணிகளின் எண்ணிக்கையைக் குறைத்து, இறுதி ஆட்டத்தை இரவு 10 மணிக்குள் முடித்துவிட்டால், நள்ளிரவுச் சோர்விலும் போதையிலும் மூளும் சச்சரவுகளில் பாதி குறையும். பெண்களும் சிறுவர்களும் கடைசிவரை இருப்பார்கள். உடைமர இருட்டிலும் இரண்டு விளக்குகளைப் போடலாம். கோடையானால் பதநீரும், தை மாதமானால் பனங்கிழங்கும், எக்காலத்திலும் சுக்குக் காபியும் விற்கும் கடைகளை அந்தப் பக்கமாகவே அமைத்தால், ஜனநடமாட்டம் அங்கே ஒளிந்து குடிப்பதை அசௌகரியமாக்கும். பனையை நம்பி வாழும் குடும்பங்களுக்கும் நான்கு காசு கிடைக்கும்.

இன்னொரு வழி, ஏற்கனவே நம் நாட்காட்டியில் இருக்கிறது. குடியரசு தினம், காந்தி ஜெயந்தி முதலிய நாட்களைப் போலவே, தை 2ஆம் நாளாகிய திருவள்ளுவர் தினத்திலும் மதுக்கடைகளைத் தமிழ்நாடு அரசு மூடுகிறது. பொங்கல் விளையாட்டுகள் உச்சமடையும் நாளும் அதுவே. முதல் நாளே வாங்கிப் பதுக்குவோரும், கள்ளத்தனமாகக் கூடுதல் விலைக்கு விற்போரும் உண்டென்றாலும், கடை திறந்திருக்கும் நாளுக்கும் மூடியிருக்கும் நாளுக்கும் வேற்றுமை இருக்கத்தான் செய்யும். கொலராடோவில் ஆய்வாளர்கள் செய்ததைத் திருநெல்வேலி மாவட்ட நிர்வாகம் செய்து பார்க்கலாம்: திசையன்விளை, ராதாபுரம், நாங்குநேரி வட்டங்களில் திருவள்ளுவர் தினத்தன்று நடந்த போட்டிகளில் பதிவான அடிதடி வழக்குகளையும், பிற நாட்களின் போட்டிகளில் பதிவானவற்றையும் அருகருகே வைத்து ஒப்பிட்டு வெளியிடட்டும். 1990இல் நிறுவப்பட்டு அபிஷேகப்பட்டியில் இயங்கிவரும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்து மாணவர்கள் இந்தப் பணியை ஓர் ஆராய்ச்சியாகவே எடுத்துக்கொள்ளலாம். போட்டி நடக்கும் நாளில் பக்கத்துக் கடையை மூட வேண்டும் என்று ஊரார் ஆட்சியரிடம் கொண்டுபோகும் மனுவுக்கு, அந்தக் கணக்கே ஆதாரமாக இருக்கும்.